வரப்பில் நின்று பார்த்தால் ரிவெட் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரிமோட்டில் பறக்கும் மாதிரிப் போர் விமானங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, டெல்டா மாவட்டப் பிள்ளைகள் பலரைக் கத்தியும் பசையுமாக உட்கார வைத்திருக்கும். நல்லதுதான். ஆனால் ‘ஒரு ரிவெட்கூட விடாமல் அசலைப் போலவே’ என்று அதில் இரண்டு இடத்தில் புகழ்ந்திருக்கிறது (ரிவெட் என்பது விமானத்தின் தகடுகளைப் பூட்டும் ஆணி). அதைப் படித்துவிட்டு யாராவது அப்படியே செய்யப் புகுந்தால் முதல் நாளே விமானம் வயலில் மூக்குக் குத்தும். பறக்கிற மாதிரிக்கு நுணுக்கம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதைச் சற்று விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறேன்.

முதலில் கண்ணின் கணக்கு. நல்ல பார்வை உள்ளவர் கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்துப் பார்க்கும். 3 மீட்டர் தள்ளி நின்றால் அது ஏறக்குறைய 0.9 மி.மீ.; 30 மீட்டரில் 9 மி.மீ. அசல் விமானத்தில் 5 மி.மீ. தலையுள்ள ரிவெட், எட்டில் ஒரு பங்கு மாதிரியில் 0.6 மி.மீ. ஆகிவிடும். மேசைமேல் வைத்துக் குனிந்து பார்ப்பவருக்கு அது தெரியும்; வரப்பில் நிற்பவருக்கு மூன்று மீட்டரிலேயே மறைந்துபோகும். கறுப்புக் கோடு போல நிறம் எடுப்பாக இருப்பவை இன்னும் கொஞ்ச தூரம் தெரியும், அவ்வளவுதான். 30 மீட்டரில் தெரிவது வேறு: மூக்கின் நீளம், இறக்கை நுனியின் வளைவு, இறக்கை மேல்நோக்கிச் சாயும் கோணம், விமானி அறைக் கண்ணாடியின் சட்டங்கள், இரண்டு வண்ணம் சந்திக்கும் எல்லை, வட்டச் சின்னத்தின் அளவு, புகைக்குழாயின் பின்னால் படிந்த கரி. எல்லாவற்றுக்கும் மேல், அது பறக்கும் வேகம். இவற்றில் ஒன்று தவறினாலும் ஆயிரம் ரிவெட் வைத்து ஈடுகட்ட முடியாது.

எந்த விமானம் என்பதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. 2020 ஜனவரியில் தஞ்சைத் தளத்துக்கு சுகோய் 30 எம்.கே.ஐ. படைப்பிரிவு வந்ததிலிருந்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் அதைத்தான் முதலில் செய்யப் பார்க்கிறார்கள். ஆசை நியாயமானது. அசலின் இறக்கை அகலம் (நுனிக்கு நுனி) 14.7 மீட்டர், பதினாறில் ஒரு பங்காக்கினால் 92 செ.மீ. 6 மி.மீ. டெப்ரான் என்னும் மிக லேசான ஃபோம் தாளில் தட்டையாக வெட்டி, நடுவில் பள்ளம் விட்டு அதில் பின்தள்ளும் மோட்டாரும் விசிறியும் வைத்து, 3 செல் 2200 எம்.ஏ.எச். பேட்டரியோடு 800 கிராமுக்குள் முடிக்கலாம். மேலே போனதும் நிழலுருவம் சுகோய்தான். அதை விமானம் ஓட்டப் பழகுவதற்கு என்று சொன்னால் சரி, ஸ்கேல் மாடல், அதாவது அசலின் வடிவத்தை அளவு மட்டும் குறைத்து எடுத்த மாதிரி, என்று சொல்லக்கூடாது.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடையில் ‘ஃபோம் தாள்’ என்று கேட்டால் பெரும்பாலும் சன்போர்டைத் தருவார்கள். அது விளம்பரப் பலகைக்கானது. 6 மி.மீ. டெப்ரான் சதுர மீட்டருக்கு 200 முதல் 240 கிராம், 5 மி.மீ. சன்போர்டு அதே பரப்புக்கு இரண்டு கிலோவுக்குக் குறையாது. பள்ளிக் கண்காட்சிகளில் அழகாக நின்று, கிளம்பவே கிளம்பாத விமானங்களில் பலவும் இந்த ஒரு குழப்பத்தால் வந்தவை.

உண்மையான ஸ்கேல் மாடலாக, அதுவும் முதல் முறையாகச் செய்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஹாக்கர் ஹரிக்கேன் என்னும் பழைய பிரிட்டிஷ் போர் விமானம். சிட்னி காம் வடிவமைத்து 1935 நவம்பர் 6 அன்று முதலில் பறந்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் நம் விமானப் படையே ஓட்டிய விமானம் அது. 1944இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் ஒன்றாம் படைப்பிரிவு பறந்தது ஹரிக்கேனில்தான். அதே காலத்து பிரிட்டிஷ் விமானமான, எல்லோரும் கேட்கும் ஸ்பிட்ஃபயரை ஏன் சொல்லவில்லை என்றால், அதன் சக்கரங்கள் நெருக்கமாக இருந்து வெளிப்பக்கம் மடங்குபவை. மேடுபள்ளத்தில் ஓடினால் இறக்கை நுனி தரையைத் தட்டும். நீள்வட்ட இறக்கையின் நுனி வேறு மிகக் குறுகியது. ஹரிக்கேனின் கால்கள் அகல ஊன்றி உள்பக்கம் மடங்கும். இறக்கை தடிமனானது, அடிப்பகுதியில் நாண் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை உள்ள தூரம்) நீளத்தில் 19 சதவீதம். அதனால் உள்ளே வலுவான கட்டையை வைக்க இடம் உண்டு, மெதுவாகவும் பறக்கும்.

அதைவிட முக்கியமான காரணம், ஹரிக்கேனின் பின்னுடல் உலோகத் தகடு அல்ல, நீளவாட்டுச் சட்டங்களின் மேல் துணி போர்த்தியது. காலை வெயில் சாய்வாக விழும்போது அந்தச் சட்டங்கள் வரிவரியாகத் தெரியும். மாதிரியிலும் அதையே செய்தால் கட்டுமானமே நுணுக்கமாகிவிடுகிறது. தனியாக ஒரு கிராம்கூடச் சேராது. பால்சா என்னும் லேசான மரத்தில் 5 மி.மீ. உயரம், 3 மி.மீ. தடிமன் உள்ள சட்டங்களைக் குறுக்குப் பலகைகளில் வெட்டிய பள்ளங்களில் இறக்கி ஒட்ட வேண்டும். ஒட்டியபின் சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடையே குறுக்குப் பலகையின் விளிம்பை ஒரு மி.மீ. குழிவாகத் தேய்த்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் துணி இழுபட்டதும் பலகையின் விளிம்பு விலா எலும்பு போலக் குறுக்கே துருத்தும்; அசலில் அப்படி ஒரு கோடே கிடையாது. போர்த்துவதற்குப் பட்டு நல்ல பொருள்தான். ஆனால் திருபுவனம் பக்கத்திலேயே இருக்கிறது என்று சேலைப் பட்டை வாங்கிவிட வேண்டாம். சதுர மீட்டருக்கு 25 கிராமுக்கு மிகாத மெல்லிய வெறும் பட்டு வேண்டும். அது கிடைக்காவிட்டால் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் துணி உறையே போதும்.

அளவுக்கு வருவோம். அசல் ஹரிக்கேனின் இறக்கை அகலம் 40 அடி, நீளம் 32 அடி 3 அங்குலம், இறக்கைப் பரப்பு 257.5 சதுர அடி. எட்டில் ஒரு பங்கு என்றால் அகலம் சரியாக 60 அங்குலம், நீளம் 48.4 அங்குலம். பரப்பு எட்டால் அல்ல, 64ஆல் குறையும்: 4 சதுர அடி, அதாவது 37 சதுர டெசிமீட்டர். எடை 512ஆல் குறைய வேண்டும். 3,480 கிலோ 6.8 கிலோ ஆகிறது. இதைத்தான் ‘அசல் எடை விகிதம்’ என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். பறக்கிற மாதிரிக்கு அது பொருந்தாது. 6.8 கிலோ விமானம் மணிக்கு 58 கி.மீ. வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை பிடி விட்டுவிடும், அதாவது விமானத்தைக் காற்றில் தூக்கிப் பிடிக்கும் விசை போய்விடும். 2.6 கிலோவில் முடித்தால் அந்த எல்லை 36 கி.மீ.தான். அசலின் உச்ச வேகம் ஏறக்குறைய 540 கி.மீ.; எட்டால் வகுத்தால் 68. மாதிரி 65 முதல் 75 கி.மீ. வேகத்தில் தலைக்கு மேல் போனால் ஹரிக்கேன் போலிருக்கும். பெரிய மோட்டாரைப் போட்டு 130இல் விரட்டினால் குளவி போலிருக்கும். விசையை அள்ளிப் போடுவதுதான் இன்றைக்கு ஸ்கேல் மாடல்களின் பெரிய அசிங்கம் என்பது என் கருத்து.

வரைபடம் எடுக்கும்போது மூன்று பக்கத் தோற்றமும் உள்ள படம் வேண்டும். நகல் எடுக்கும் கடையில் பெரிதாக்கும்போது ஒரு பக்கம் மட்டும் இழுபடுவது சாதாரணம். சுவாமிமலைச் சிற்பிகள் தென்னை ஓலையை மடித்து மடித்துச் சிலையின் அங்க அளவுகளைப் பிரிப்பார்கள். அந்த முறை இதற்கும் உதவும். காகிதப் பட்டை ஒன்றைப் படத்தில் உள்ள இறக்கை அகலத்துக்கு வெட்டிக்கொண்டு அதையே அளவுகோலாக வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம். ஹரிக்கேனுக்கு நீளம் அகலத்தில் 0.806 பங்கு. படத்தில் அகலம் 20 செ.மீ. என்றால் நீளம் 16.1 செ.மீ. இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நகல் கோணல். செல்போன் புகைப்படத்தை வைத்து வடிவம் எடுக்கவே கூடாது. கிட்ட நின்று எடுத்தால் மூக்கு ஊதிப்போய் வால் சிறுத்துத் தெரியும். புகைப்படம் நிறத்துக்கும் அழுக்குக்கும் மட்டுமே. அதிலும் நுழைவாயில்களில் நினைவுச் சின்னமாக நிறுத்தியிருக்கும் விமானங்களின் நிறத்தை நம்ப வேண்டாம். அவற்றுக்குப் பலமுறை கையில் கிடைத்த பெயின்ட்டை அடித்திருப்பார்கள். டெல்லி பாலம் விமானப் படை அருங்காட்சியகத்தில் ஹரிக்கேனே இருக்கிறது. டெல்லி போகிறவர்கள் சக்கர அறை, புகைக்குழாய், கண்ணாடிச் சட்டம் மூன்றையும் நேர்பக்கமாகப் படம் எடுத்து வந்தால் போதும்.

அசலிலிருந்து வேண்டுமென்றே விலக வேண்டிய இடங்களும் உண்டு. காற்று சின்ன விமானத்துக்குச் சின்னதாவதில்லை. நாண் 30 செ.மீ. உள்ள இறக்கை அடிப்பகுதி தாங்கும் கோணத்தை நாண் 10 செ.மீ. உள்ள நுனி தாங்காது. வேகம் குறையும்போது நுனிதான் முதலில் பிடி விடும். விமானம் ஒரு பக்கம் புரண்டு தலைகீழாக விழும். அதனால் நுனியின் பின்விளிம்பை 2 முதல் 2.5 பாகை மேலே முறுக்கி ஒட்ட வேண்டும். இறக்கையைப் பலகைமேல் கட்டும்போதே நுனிப் பக்கம் பின்விளிம்பின் அடியில் ஆப்பு வைத்தால் முறுக்கு தானாக வரும், இரண்டு பக்கமும் ஒரே ஆப்பு. படுக்கை வாலின் பரப்பை 10 சதவீதம் கூட்டலாம். வரப்பிலிருந்து யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், விமானம் மட்டும் கண்டுபிடித்து நன்றி சொல்லும். இறக்கையின் பொருத்து கோணம் வாலைவிட 1.5 பாகை கூடுதல். மோட்டார் 2 பாகை வலப்பக்கமும் 2 பாகை கீழ்நோக்கியும் பார்க்க வேண்டும். மோட்டாரைத் திருப்பும்போது மூக்குக் கூம்பு நடுவை விட்டு விலகும். அதற்கேற்ப மோட்டாரின் அடியை எதிர்ப்பக்கம் சில மி.மீ. நகர்த்திப் பொருத்தாவிட்டால் மூக்கே கோணலாகத் தெரியும்.

2.6 கிலோவை எப்படிப் பங்கிடுவது? மரக்கட்டுமானம் 850 கிராம், உறை, கண்ணாடியிழை, பெயின்ட் எல்லாம் சேர்த்து 250, மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, விசிறி, கூம்பு 520, பேட்டரி 500, அசையும் பலகைகளைத் திருப்பும் சின்ன மோட்டார்களான சர்வோ ஆறும் ரிசீவரும் கம்பிகளும் 180, மடங்கும் கால்களும் சக்கரமும் 250. மிஞ்சுவது 50 கிராம். விமானி, கருவிப் பலகை, துப்பாக்கி முனை, ஏரியல் என்று அலங்காரம் அத்தனைக்கும் அந்த 50தான். பால்சா வாங்கும்போதே தராசு வேண்டும். 1.5 மி.மீ. தடிமனும் 10 செ.மீ. அகலமும் 1 மீட்டர் நீளமும் உள்ள நல்ல தாள் 15 முதல் 18 கிராம் இருக்கும். 30 கிராம் இருந்தால் அது இறக்கையின் நடுக்கட்டைக்கு ஆகும், வாலுக்கு ஆகவே ஆகாது. வாலில் கூடும் ஒவ்வொரு 10 கிராமுக்கும் மூக்கில் 30 கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும், ஏனென்றால் சமநிலைப் புள்ளியிலிருந்து வால் உள்ள தூரம் மூக்கின் தூரத்தைப் போல மூன்று மடங்கு. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கு அடியில் களிமண், விமானத்துக்கு மூக்கில் ஈயம் என்று சிரிக்கலாம்தான். ஆனால் பொம்மை பறக்க வேண்டியதில்லை. எலிவேட்டர் (படுக்கை வாலின் அசையும் பலகை), ரட்டர் (நிமிர்ந்த வாலின் அசையும் பலகை) சர்வோக்களை வாலில் வைக்காமல் இறக்கைக்கு மேலே வைத்து நீண்ட தண்டு கொண்டு இணைப்பதும் இதற்காகத்தான். சமநிலைப் புள்ளி இறக்கையின் சராசரி நாணில் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 28 சதவீதத்தில் இருக்கட்டும். 30ஐத் தாண்டினால் எலிவேட்டர் கைக்கு அடங்காது. கால்கள் இறங்கிய நிலையிலும் மடங்கிய நிலையிலும் இரண்டு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேற்பரப்பு வேலையில்தான் எடை திருட்டுத்தனமாக ஏறும். மரத்தின் மேல் சதுர மீட்டருக்கு 25 கிராம் கண்ணாடியிழைத் துணியை எப்பாக்ஸி என்னும் இரு திரவப் பசையால் ஒட்டுவது வழக்கம். அதே எடைக்கு, மிஞ்சினால் 30 கிராம், எப்பாக்ஸி போதும். மீதியைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்து எடுத்துவிட வேண்டும். துணியின் பின்னல் மறையவில்லையே என்று இன்னொரு பூச்சு எப்பாக்ஸி அடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பின்னலை மறைப்பது பிரைமர் என்னும் அடிப்பூச்சின் வேலை. பிரைமர் அடித்து, 400 நம்பர் தண்ணீர் உப்புத்தாளால் பின்னல் எட்டிப் பார்க்கும் வரை தேய்த்து, மறுபடி லேசாக அடிக்க வேண்டும். அடித்த பிரைமரில் பாதிக்கு மேல் தரையில் தூளாகக் கிடந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று பொருள்.

இங்கே நம் ஊர் ஈரம் குறுக்கிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டிய எப்பாக்ஸி மேல் மெழுகு தடவியது போல வழவழப்பான படலம் வரும். காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் கெட்டியாக்கும் திரவத்தோடு சேர்ந்து உண்டாக்குவது அது. அப்படியே பெயின்ட் அடித்தால் பாளம் பாளமாக உரியும். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துத் துடைத்து, காய்ந்தபின் தேய்க்க வேண்டும். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் மழைநாளில் வெளுத்துப் பூத்துப்போகும். மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலக்கலாம், அல்லது பொங்கல் வரை பொறுக்கலாம். ஃபோம் விமானத்தில் என்.சி. தின்னர் பட்டால் ஃபோமே கரைந்துவிடும். அதற்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மட்டும்தான். சாதாரண ஃபெவிக்விக்கும் டெப்ரானைத் தின்னும். வெட்டி வைத்த பால்சா வால் பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்தால் மறுவாரம் முறுக்கிக்கொண்டு நிற்கும். தட்டையான பலகைமேல் கிடத்தி மேலே பாரம் வைக்க வேண்டும்.

தகட்டு இணைப்புக் கோடுகள் வேண்டும் என்றால், பிரைமருக்கு முன் அரை மி.மீ. நாடாவை ஒட்டி, பிரைமர் அடித்து, முழுதும் காயுமுன் உரித்தால் மெல்லிய பள்ளம் நிற்கும். இறக்கையிலும் முன்னுடலிலும் போதும், பின்னுடலில் கூடாது, அது துணி அல்லவா? ரிவெட் வைத்தே தீருவேன் என்பவர்கள் ஊசி போடும் சிரிஞ்சில் ஃபெவிகாலை நிரப்பிப் புள்ளி வைக்கலாம். பதிந்த ரிவெட்டுக்கு, சிறிய பித்தளைக் குழாயின் முனையைக் கூராக்கிச் சாலிடரிங் கோலில் மாட்டி லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்தால் வட்டத் தடம் விழும். மூக்கு உறையிலும் விமானி அறை ஓரத்திலும் மட்டும் வைத்தால் போதும். கிட்ட வந்து பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும்; அங்கே இருந்தால் மற்ற இடத்திலும் இருப்பதாக மனமே நிரப்பிக்கொள்ளும்.

விமானி அறைக் கண்ணாடிக்கு இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில். மரத்தில் அச்சு செதுக்கி வழவழப்பாகத் தேய்த்து, முகப்பவுடர் தூவி, பாட்டிலுக்குள் வைத்துச் சூடான காற்றுத் துப்பாக்கியால் சுற்றிலும் சுருக்க வேண்டும். ஒரே இடத்தில் காட்டினால் பாட்டில் வெள்ளையாகிக் கெட்டுப்போகும். ஹரிக்கேன் கண்ணாடியில் சட்டங்கள் நெருக்கமாக இருக்கும். தூரத்தில் இருந்தே தெரியும் அடையாளம் அது. அலுமினிய ஒட்டு நாடாவை 3 முதல் 5 மி.மீ. அகலத்தில் வெட்டி, முன்பே பெயின்ட் அடித்து ஒட்டினால் கோடு நேராக வரும்.

உள்ளே உட்காரும் விமானிக்குக் கடைப் பொம்மையை வைப்பார்கள். அளவும் தப்பு, எடையும் தப்பு. மோவாயிலிருந்து உச்சி வரை 23 செ.மீ. உள்ள தலை எட்டில் ஒரு பங்கில் 2.9 செ.மீ.தான். இதற்கு நம் தஞ்சை நெட்டியை (நீர்ச்செடித் தண்டின் வெண்மையான சோறு) விடச் சிறந்த பொருள் எங்கும் இல்லை. பால்சாவைவிட லேசு. கூரான கத்திக்கு வெண்ணெய் போல இசையும். புவிசார் குறியீடு பெற்ற கைவினை. அதில் பெரிய கோவிலையே குட்டியாகச் செதுக்குபவர்கள் இங்கே இருக்கிறார்கள், ஒரு விமானியின் தோளும் தலைக்கவசமும் அவர்களுக்கு எம்மாத்திரம்? நெட்டி தண்ணீரை உறிஞ்சும். செதுக்கியதும் நீர்த்த ஃபெவிகாலை ஒரு கை பூசிக் காயவிட்டுப் பிறகு அக்ரிலிக் வண்ணம் தர வேண்டும். கருவிப் பலகையின் குமிழ்கள், துப்பாக்கி முனை, கண்ணாடிக்குப் பின்னால் உள்ள தலைக்காப்பு எல்லாம் இதிலேயே ஆகும். பாரம் தாங்கும் எந்த இடத்திலும் நெட்டியை வைக்கக் கூடாது.

சின்னங்களைப் பற்றி இரண்டு திருத்தம். பர்மா முனையில் பறந்த நம் ஹரிக்கேன்களின் வட்டச் சின்னத்தில் சிவப்பு கிடையாது. ஜப்பானியச் சூரியனோடு குழம்பாமலிருக்க அதை எடுத்துவிட்டு நீலமும் வெளிர்நீலமும் மட்டும் வைத்தார்கள். இன்றைய சின்னத்தில் காவி நடுவிலும் பச்சை வெளியிலும் இருக்கும். தங்கள் இணைப்பில் வந்த ஓவியத்தில் தலைகீழாக இருந்தது. வரிசை எண்ணின் எழுத்து அசலில் 8 அங்குல உயரம், மாதிரியில் ஓர் அங்குலம். ஸ்டிக்கராக ஒட்டினால் பளபளக்கும், கத்திரி வெயிலில் ஓரம் தூக்கும். ஸ்டிக்கர் கடையில் அதே கணினி வெட்டுக் கருவியால் எழுத்துக்களை வெட்டித் தரச் சொல்லி, எழுத்தை எடுத்துவிட்டு மிஞ்சும் ஓட்டையை அச்சாக வைத்துப் பெயின்ட் அடிப்பதே நல்லது. செலவு ஒன்றுதான். கடைசியாக மேலே அடிக்கும் பூச்சு மங்கலாக இருக்க வேண்டும். மினுமினுத்தால் எல்லா உழைப்பும் விளையாட்டுச் சாமான் ஆகிவிடும்.

இந்த எடைக்கு 850 வாட் போதும். 5 செல் 4000 எம்.ஏ.எச். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 500 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 500 சுற்று) அளவுள்ள மோட்டார், 60 ஆம்பியர் வேகக் கட்டுப்பாடு, 14×8 விசிறி (விட்டம் 14 அங்குலம், ஒரு சுற்றில் முன்னேறும் தூரம் 8 அங்குலம்). அசலில் மூன்று இதழ் விசிறி. தோற்றத்துக்காக மூன்று இதழ் வைத்தால் விட்டத்தை ஓர் அங்குலம் குறைத்து 13×8 போட்டு, ஆம்பியர் மீட்டரில் ஓட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் பறக்க விட வேண்டும். மூக்கு உறையில் காற்று நுழையும் வாயைவிட வெளியேறும் வாய் இரண்டு மடங்கு பெரிதாக இருக்கட்டும். நம் சித்திரை வெயிலில் மூடிய உறைக்குள் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி சூடேறி நடுவானில் விசையை வெட்டிவிடும். பேட்டரியைப் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. வீட்டில் வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும்.

களத்துக்கு வந்தால், சம்பா அறுத்த வயல் காலியாகக் கிடக்கிறது என்று நினைப்பது தவறு. அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே உளுந்தும் பயறும் விதைத்திருப்பார்கள். நெல் தாளுக்கு அடியில் அது முளைத்து நிற்கும்போது ஓடுபாதை என்று மிதித்தால் விவசாயி கையில் இருப்பது ரிமோட்டாக இருக்காது. பயறு எடுத்தபின், பங்குனி சித்திரையில்தான் வயல் பறப்பவருக்கு. அப்போதும் கீழ் டெல்டாக் களிமண் பாளம் பாளமாக வெடித்திருக்கும், 8 செ.மீ. சக்கரம் வெடிப்பில் இறங்கினால் மடங்கு கால் இறக்கையோடு பிய்ந்து வரும். உரிமையாளரிடம் கேட்டு, 40 மீட்டர் நீளம் 4 மீட்டர் அகலத்துக்குத் தாளைச் செதுக்கி வெடிப்பை மண் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். மடங்கு காலின் அடித்தட்டை உலோகத் திருகாணியால் பூட்டாமல் நைலான் திருகாணியால் பூட்டினால், அடி விழும்போது திருகாணி அறும், இறக்கை பிழைக்கும். ஆடிக் காற்றில் இந்த விமானத்தை வெளியே எடுக்க வேண்டாம். விமானம் பிடி விடும் வேகமே 36 கி.மீ. என்னும்போது 30 கி.மீ. வீச்சுக் காற்று திசை மாறினால் என்ன மிஞ்சும்? விடிந்ததிலிருந்து எட்டு மணி வரைதான் நல்ல நேரம். பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பிகளை முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். பறக்கும்போது அவை கண்ணுக்குத் தெரியாது.

கிளம்பும்போது விசையை ஒரே தள்ளாகத் தள்ளினால் விமானம் இடப்பக்கம் இழுக்கும். மூன்று விநாடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ரட்டரால் வலப்பக்கம் பிடித்து, வால் தானாக எழுந்தபின் இன்னும் சில மீட்டர் ஓடவிட்டு, பிறகுதான் மெல்ல எலிவேட்டரைத் தொட வேண்டும். வால் தரையில் இருக்கும்போதே வெடுக்கென்று தூக்கினால் இடது நுனி பிடி விட்டுக் கவிழும். புதிதாகச் செய்த போர் விமானங்களில் பெரும்பாலானவை சாவது இந்த ஐந்து விநாடியில்தான். இறங்கும்போது ஃப்ளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் உடலை ஒட்டிய மடிபலகை) 35 பாகை இறக்கி, கொஞ்சம் விசையை வைத்துக்கொண்டே வந்து, முன்சக்கரம் இரண்டும் தரையைத் தொட்டபின் விசையை எடுக்க வேண்டும். முதல் பறத்தலுக்கு ஏலெரான் (இறக்கை நுனிப் பக்கத்து அசையும் பலகை) மேலே 12 மி.மீ., கீழே 8, எலிவேட்டர் இருபக்கமும் 12, ரிமோட்டில் எக்ஸ்போ (குச்சியின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 சதவீதம்.

2025 செப்டம்பர் 26 அன்று மிக் 21 விடைபெற்றதிலிருந்து அதைச் செய்யும் ஆசையும் பரவியிருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்: அசலின் இறக்கை அகலம் 7.15 மீட்டர், பரப்பு 23 சதுர மீட்டர். ஒன்பதில் ஒரு பங்கில் பரப்பு 28 சதுர டெசிமீட்டர்தான். 90 மி.மீ. குழாய் விசிறி (குழாய்க்குள் சுழன்று காற்றைப் பின்னால் தள்ளுவது) வைத்தால் மூக்குத் துளை மட்டும் காற்றுக்குப் போதாது. வயிற்றில் மறைவாகத் துணைத் துளை வெட்ட வேண்டும். பின்வாயை விசிறிப் பரப்பில் 90 சதவீதமாகச் சுருக்க வேண்டும். அதற்குத் தார் ஓடுதளம் தேவை. வயலில் ஆகாது. மூக்கில் நீட்டிய குழாயைக் கழற்றி மாட்டும்படி ரப்பரில் செய்யுங்கள், அது குழந்தைகளின் கண் உயரத்தில் இருக்கும்.

கட்டுரையின் கடைசிப் பத்தியில் ‘மொட்டை மாடியிலிருந்தே பறக்கவிடலாம்’ என்றிருந்தது. இதைத் திருத்தி வெளியிட வேண்டும். 2021 ட்ரோன் விதிகள், பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைத் தொலைவுக்குள் பறக்கும் 25 கிலோவுக்கு உட்பட்ட மாதிரி விமானங்களையும் கணக்கில் எடுக்கின்றன. விமான நிலைய எல்லையிலிருந்து 8 கி.மீ. வரை தரையிலிருந்தே அனுமதி வேண்டும். 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்கு மேலும், மற்றப் பச்சை மண்டலங்களில் (முன் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய பகுதிகள்) 400 அடிக்கு மேலும் வேண்டும். தஞ்சையில் விமானப் படைத் தளமும் திருச்சியில் விமான நிலையமும் இருக்கும்போது, அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் தன் வயல் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் யாரும் பேட்டரியை மாட்டக்கூடாது. அடுத்த முறை இப்படிப்பட்ட விமானத்தின் படத்தை வெளியிடும்போது கீழே அதன் இறக்கை அகலத்தையும் பேட்டரியோடு சேர்ந்த மொத்த எடையையும் அச்சிட்டால், பார்த்துச் செய்யப் போகும் பிள்ளைகளுக்குப் படத்தைவிட அந்த இரண்டு எண்களே அதிகம் உதவும்.

இப்படிக்கு,
வாசகர்,
கும்பகோணம்.